கண்ணுல கீறல், கையில கூலி

கரும்புத் தோகை உரிக்கிற நாளில், கண்ணைப் பொத்திக்கிட்டு யாராவது வரப்பில் உட்காருவது எங்க மோகனூர்ப் பக்கம் சகஜம். "ஒண்ணுமில்லீங்க, தாய்ப்பால் விட்டாச் சரியாயிடும்" என்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி போயிடுமே!

தோகை கீறின கருவிழியில் பூஞ்சை புகுந்து புண்ணானால் பார்வையே போகலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, அந்தப் பூஞ்சைக்கு உரம் வைக்கிற மாதிரி. மதுரை மாவட்டக் கிராமங்களில் ஊர்க்காரர்களையே பழக்கி, கீறல் பட்டவர்களுக்குச் சீக்கிரமே மருந்துக் களிம்பு போட வைத்தார்கள் அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள். அநேகமாக எல்லோருக்கும் பெரும்புண் ஆகாமலே ஆறிவிட்டது என்று 2006-ல் எழுதியிருக்கிறார்கள். ஆக, நேரம்தான் பாதி மருந்து.

கண்ணைத் தேய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணியில் கழுவி, அன்னைக்கே கண் டாக்டரிடம் போகணும். சுண்ணாம்பு, பூச்சிமருந்து பட்டால் அரைமணி நேரம் விடாமல் கழுவிட்டுத்தான் கிளம்பணும். முள் குத்தி நின்றால் பிடுங்கவும் கூடாது, கழுவவும் கூடாது. பேப்பர் கப்பால் அழுத்தாமல் மூடி அழைச்சுட்டுப் போங்க.

என்னைக் கேட்டால், முதலுதவி தோட்டக்காரன் கையில்தான் இருக்கு. கூலியைப் பிடிக்காமல் வண்டியில் ஏத்தி அனுப்பணும். ஊரில் நிலம் வைத்திருக்கும் பட்டணத்து நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.