பருத்தி மருந்து வீட்டு அவரைக்கு வேண்டாம்

எங்கள் குன்னம் பக்கத்தில் பருத்திக்கு மருந்தடித்து முடித்தால் டேங்கின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். காசு கொடுத்து வாங்கியதைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? நேரே வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடும். அவரைப் பந்தல், கத்தரி, முருங்கை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று. "டீச்சர், மருந்து மிச்சம் கெடக்கு. உங்க பந்தலுக்கும் அடிச்சி வுட்டுரவா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி அன்பாகத்தான் கேட்பார். "வேண்டாம் தம்பி, கும்பிடு பூச்சி இருக்கு" என்றால் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு. மாடித்தோட்டக்காரர்கள் இப்போது கும்பிடு பூச்சியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், சம்பளம் வாங்காத தோட்டக்காரன் என்றே நினைக்கத் தோன்றும். என் பந்தலில் நான் பார்ப்பது வேறு. வெயில் ஏறும் நேரத்தில் பூங்கொத்துக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும். அசைவது அந்த முக்கோணத் தலை மட்டும்தான். முன்னங்கால் பாய்வது கண்ணுக்குப் பிடிபடாது. முள் வரிசைக்கு நடுவே தேனீ துடிக்கும்போதுதான் காரியம் முடிந்துவிட்டது என்று தெரியும். உயிரோடே மென்று தின்றுவிட்டு இறக்கைகளைக் கீழே உதிர்க்கும். வெட்டுக்கிளியும் புழுவும் அதன் சாப்பாட்டில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தேனீ, வண்ணத்துப்பூச்சி, பொறிவண்டு எதையும் அது விட்டுவைப்பதில்லை. சொந்த இனத்தையும் தின்னும்.

கத்தரிக்காயைத் துளைக்கும் புழு காய்க்குள்ளேயே இருக்கிறது. கும்பிடு பூச்சிக்கு எட்டாது. அவரைக் கொழுந்தில் அப்பும் அசுவினி, வளர்ந்த பூச்சிக்குக் கொறிக்கக்கூடக் காணாது. மாவுப்பூச்சியை அது திரும்பியும் பார்க்காது. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, பருத்தி வரை பரவி, எந்த மருந்துக்கும் மசியாமல் நின்றது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த அசெரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். கொசுவை விடச் சிறிய பூச்சி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டே அதை அடக்கியது. அந்தக் குளவிக்கு யார் கும்பிடு போட்டார்கள்?

பிறகு கும்பிடு பூச்சிக்காக நான் ஏன் வாதாடுகிறேன்? மருந்து விழும் கொல்லையில் அது நிலைக்காது. அது பந்தலில் இருக்கிறதென்றால் பொறிவண்டும் சிலந்தியும், கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளும் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம். மருந்தடித்தால் எல்லாம் சேர்ந்து சாகும். திரும்பி வருவதில் அசுவினிதான் முந்தும், ஏனென்றால் அது முட்டைகூட இடாமல் குட்டி போட்டே பெருகக்கூடியது. கும்பிடு பூச்சி கிளையில் ஒரு நுரைக்கூடு ஒட்டி, அது காய்ந்து இறுகி, அதற்குள்ளிருந்து குஞ்சுகள் இறங்கி வளர மாதக்கணக்கில் ஆகும்.

பூச்சியை விடுங்கள், மனிதருக்கு வருவோம். 2017-இல் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அப்படியே நடந்தது. காட்டிலேயே ஆளைக் கொல்லும் பண்டத்தை அடுப்படியிலிருந்து பத்தடி தூரத்தில் ஏன் தெளிக்க வேண்டும்? மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. மற்ற மருந்துகளுக்கும், அடித்த பிறகு இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. வீட்டுக் கத்தரியை இரண்டு நாளைக்கு ஒருமுறை குழம்புக்குப் பறிக்கிறோம். காத்திருக்கிற வீடு எது?

அசுவினிக்குத் தண்ணீரை வேகமாக அடித்தாலே போதும், உதிர்ந்துவிடும். போகாவிட்டால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளிக்கலாம். நம் மாவட்டத்தில் வேப்பமரத்துக்கா பஞ்சம்? புழு விழுந்த கத்தரிக் கொழுந்தையும் காயையும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பலிக்கும்.

தை, மாசியில் அவரை ஓய்ந்ததும் கொடியை அறுத்துக் குவித்துக் கொளுத்துவது நம் வழக்கம். கொளுத்துவதற்கு முன் தண்டிலும் பந்தல் குச்சியிலும் பழுப்பு நிறத்தில் காய்ந்த நுரைக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டை மட்டும் ஒடித்து வேலியில் சொருகிவிடுங்கள். பருத்திக்கு மருந்து மிச்சப்பட்டால் அடுத்த தடவை குறைவாகக் கலக்குங்கள். கொல்லைப் பக்கம் டேங்கைக் கொண்டுவராதீர்கள்.