ரீசெட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

நண்பர்களே, லேபில் ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பில் காயிலை அறுத்துப் போடுகிறோமா? சப்ளை வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறோம். அதே நாம், பாக்கெட்டில் இருக்கும் செல்போன் மக்கர் பண்ணினால் மட்டும் "ரீசெட் போட்டுடு மச்சி" என்கிறோம். இது என்ன நியாயம்?

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். போன வருஷம் அம்மாவின் போனில் எந்த ஆப்பைத் திறந்தாலும் உடனே மூடிக்கொண்டது. கடைக்கு எடுத்துப் போனேன். "ரீசெட் பண்ணினா சரியாயிடும் தம்பி" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். போன் புதுசு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் காலமான எங்கள் தாத்தாவின் குரல் பதிவுகள் அத்தனையும் அதோடு போச்சு. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிப்ளமோ படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, "என்ன கோளாறு?" என்று ஒரு கேள்விகூடக் கேட்காதவன் நான்தானே!

மூன்று மாதம் கழித்து, ஹாஸ்டலில் ரூம்மேட் போனுக்கும் அதே வியாதி. இந்த முறை சீனியர் அண்ணன் ஒருவர் 'ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ்' என்ற கருவியைக் காட்டினார். சுருக்கமாக ஏடிபி. கூகுள் இலவசமாகத் தருவது. கம்ப்யூட்டரில் நாம் டைப் அடிக்கும் கட்டளையை யுஎஸ்பி கேபிள் வழியாகப் போனுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாலம் அது.

செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' வரியை 7 முறை தட்டினோம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்தது. அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினோம். 'ஏடிபி லாக்கேட்' என்று அடித்ததுதான் தாமதம், போன் தனக்குள் நடப்பதையெல்லாம் வரிவரியாக ஒப்பிக்க ஆரம்பித்தது! ஆப் மூடிக்கொண்ட நொடியில் வந்த எரர் வரியைத் தேடிப் பிடித்தோம். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. அதாவது, உள்ளே இடமே இல்லை! 'ஏடிபி ஷெல் டிஎஃப்' என்று கேட்டதற்கும் ஸ்டோரேஜ் நிரம்பி வழிவதாகவே பதில் வந்தது. 'ஏடிபி புல்' கட்டளையால் வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு இழுத்து, அவை ஓடுகின்றனவா என்று சரிபார்த்த பிறகே போனில் அழித்தோம். வியாதி போச்சு. ஒரு போட்டோகூடப் போகவில்லை.

அம்மாவின் போனிலும் இதே கோளாறுதானா? அன்றைக்குப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

"விரலால் தட்டினால் ஆகிற வேலைக்கு டைப் அடிப்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். திரையில் வருவது 'ஆப் நின்றுவிட்டது' என்ற ஒரு வரிதான். ஏன் நின்றது என்பது லாக்கில்தான் இருக்கிறது. அதை ஃபைலாகச் சேமிக்கலாம், நேற்றையதோடு ஒப்பிடலாம், சாரிடம் காட்டிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இது அடுத்தவர் போனை நோண்டுகிற வித்தை அல்ல. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதல், புதுக் கம்ப்யூட்டரில் செருகினால் போன் திரையில் அனுமதி கேட்கும். சொந்தக்காரர் சம்மதித்தால்தான் வழி திறக்கும். முன்பின் தெரியாத கம்ப்யூட்டருக்குச் சம்மதம் தராதீர்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

நம் யூனியனுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வருகிற ஆண்டில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேபிள், ஒரு பழைய போன் போதும். பெரிய செலவில்லை.

ரீசெட் பட்டனை அழுத்த யாராலும் முடியும். கோளாறைப் படித்துவிட்டுக் கை வைப்பவன்தானே டெக்னீஷியன்? நாம் யாராக இருக்கப் போகிறோம் நண்பர்களே?