தலைநகர் வலம்: ஆகாயத்தின் கீழ் ஒரு சிற்றுண்டி

தில்லி மாநகருக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர், நல்ல இட்டிலி கிடைக்கும் இடத்தை முதல் மாதத்திலேயே விசாரித்து அறிந்துவிடுகின்றனர். அதற்கு இப்பகுதியின் உதவி தேவையில்லை. ஆனால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு சென்ற புளியோதரையைக் குடும்பத்துடன் காற்றாட அமர்ந்து உண்ண இடம் எது என்று கேட்டால், பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தவரும் சற்றுத் தயங்குவர். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் வீடுகளில் இக்கேள்வி வாரந்தோறும் எழுகின்றது.

முன்னாளில் இக்கேள்விக்கு அவ்வளவு அவசியம் இருக்கவில்லை. சரோஜினி நகர் போன்ற அரசாங்கக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை தாழ்ந்த கட்டடங்கள். மாலை வேளையில் வாயிற்புறத்துப் புல்தரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிட்டால் அதுவே உணவுக்கூடம், அதுவே பேச்சு மேடை. அத்தகைய குடியிருப்புகள் ஏழினை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. இன்று அவ்விடங்களில் அடுக்கு மாடங்கள் எழுந்து வருகின்றன. மின்தூக்கியும் குழாய்நீரும் வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்பதாவது மாடியில் பகலெல்லாம் சுவரையும் தொலைக்காட்சியையும் பார்த்துக் கொண்டிருக்கும் முதியவருக்கும், அடுப்படியிலிருந்து அகலாத இல்லத்தரசிக்கும், வாரம் ஒரு பொழுதேனும் மரத்தடியில் அமர்ந்து உண்பது ஆடம்பரம் ஆகாது.

ஆகவே உணவின் சுவையைக் காட்டிலும் வேறொன்றையே நான் உரைகல்லாகக் கொள்கின்றேன். உண்டு முடித்த பின் அவ்விடத்தில் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கலாம்? கான் மார்க்கெட்டிலும் ஹௌஸ் காஸிலும் மாடியில் செடிகொடிகளுடன் கூடிய உணவகங்கள் உள்ளன. அங்கே ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு நம் வீட்டில் ஒரு வாரக் காப்பி ஆகும். கோப்பை காலியானதும் சிற்றாள் பட்டியலைக் கொணர்ந்து வைப்பான். அவற்றை அவரவர் பணப்பைக்கே விட்டுவிடுவோம்.

தலைநகரில் திறந்தவெளி உணவு என்றாலே பலருக்கும் நினைவு வருவது இந்தியா கேட் புல்வெளி. 1931இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வளைவைச் சுற்றிலும், கோடை இரவுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விரிப்பை விரித்து, அடுக்குப் பாத்திரங்களைத் திறந்து, பனிக்கூழ் வண்டிக்காரனை அழைத்தபடி அமர்ந்திருந்த காட்சி இந்நகரின் தனிச்சிறப்பாக விளங்கியது. எழுத்தரும் தொழிலாளியும் வியாபாரியும் ஒரே புல்லில் அமர்ந்தனர். எவரும் கட்டணம் கொடுக்கவில்லை. ராஜ்பத் என்றிருந்த அச்சாலை புதுப்பிக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 8 அன்று கர்த்தவ்ய பாதை என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. நடைபாதைகளும் விளக்குகளும் கழிப்பிடங்களும் முன்னிலும் மேலானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தியா கேட்டிலிருந்து மான்சிங் சாலை வரையிலுள்ள புல்வெளியில் உணவுக்கு இடமில்லை என்றும், விற்பனையாளர் குறித்த இடங்களில் மட்டுமே நிற்கலாம் என்றும் அப்போது விதி வகுத்தனர். குப்பை சேராதிருக்க வேண்டும் என்பது நியாயமே. அதற்குக் குப்பைத் தொட்டிகளைப் பெருக்கியிருக்கலாம். சோற்று மூட்டையை விலக்கியிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பாட்டியுடன் அங்கு செல்ல விரும்புவோர் உலாவி வரலாம். உணவு மூட்டையை வேறிடத்தில் அவிழ்ப்பது நலம்.

அச்சாலையின் இருமருங்கிலும் நிழல் தருபவை நாவல் மரங்கள். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது, புது தில்லிச் சாலையோரங்களில் உப்புத் தூவிய நாவற்பழத்தை இலைத் தொன்னையில் விற்பார்கள். ஊரிலே காசு கொடாமல் பொறுக்கித் தின்ற பழத்தை இங்கு விலை கேட்கும்போது நம் முதியவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பைக் காண்பதற்கென்றே ஒருமுறை வாங்கலாம்!

வேறிடம் என்றேனே, அவற்றுள் முதன்மையானது ஹுமாயூன் சமாதியை அடுத்துள்ள சுந்தர் நர்சரி. புதிய தலைநகரின் சாலைகளுக்கு எந்த மரம் பொருந்தும் என்று நட்டுச் சோதிப்பதற்காக ஏற்பட்ட நாற்றங்கால் அது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு 2018இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 90 ஏக்கர் பரப்பு. முகலாயர் காலத்துக் கட்டடங்கள், நீரோடை, சிறு ஏரி. நுழைவுக் கட்டணம் உண்டு. ஆயினும் பாய் விரித்து மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும் குடும்பங்களை எங்கும் காணலாம். உள்ளே சிற்றுண்டிச் சாலை இருப்பினும், தயிர் சாதமும் வடுமாங்காயும் கொண்டு செல்வோர்க்கு அதன் தயவு வேண்டியதில்லை. வாயிலிலிருந்து மரநிழல் வரை நடை சற்று அதிகம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை மெல்ல அழைத்துச் செல்லுங்கள்.

கட்டணமே இன்றி வேண்டுவோர்க்கு லோதித் தோட்டம் இருக்கவே இருக்கிறது. 1936இல் வெலிங்டன் சீமாட்டியின் பெயரால் திறக்கப்பட்ட பூங்கா இது. சய்யித், லோதி மன்னர் காலத்துச் சமாதிகளுக்கிடையே குளிர்கால ஞாயிறுகளில் வட இந்தியக் குடும்பங்கள் பூரியும் உருளைக்கிழங்கும் பரப்பி அமர்ந்திருப்பதைக் காணலாம். நம் மிளகாய்ப்பொடி இட்டிலிக்கு அங்கு நல்ல மதிப்பு உண்டு. அடுத்த விரிப்பிலிருந்து குழந்தைகள் எட்டிப் பார்ப்பர், பின்னர் தாய்மார் பேச்சுத் தொடங்குவர். அண்டை வீட்டாரின் பெயரே அறியாத அடுக்குமாடி வாழ்வில் இது சிறிய லாபமன்று. கடைகளை நம்பிச் செல்ல வேண்டா. தண்ணீரும் காப்பிக் குடுவையும் கையோடு வேண்டும். பருந்துகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கையிலுள்ள வடையைக் கொத்திச் செல்வதில் அவை கைதேர்ந்தவை. ஜோர் பாக் மெட்ரோ நிலையம் அருகிலேயே உள்ளது.

சமைக்க இயலாத நாளில் ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய தில்லி ஹாட்டுக்குச் செல்லலாம். 1994இல் தொடங்கப்பட்ட இச்சந்தையில் பல மாநிலத்து உணவுக் கடைகள் உண்டு. திறந்த முற்றத்தில் அமர்ந்து காச்மீரத்துக் கஹ்வாவும் நாகாலாந்துச் சமையலும் சுவைக்கலாம். சைவ உணவினர் கேட்டு வாங்குதல் நன்று. விலை மிதமன்று. 2025 ஏப்ரல் 30 அன்று நேர்ந்த தீயில் கைவினைக் கடைகள் பல எரிந்தன. அவ்வேழைக் கைவினைஞர்களிடம் ஒரு சிறு பொருளேனும் வாங்கி வருதல் நலம்.

சாணக்கியபுரியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தையும் சேர்க்கின்றேன். என் துறையின் மீதுள்ள பற்று என்று எண்ண வேண்டா. 1977 முதல் இயங்கும் அவ்விடத்தில் பழைய எஞ்சின்களுக்கிடையே சிறுவர் ரயில் ஓடுகின்றது. குழந்தைகள் அதில் சுற்றும் நேரத்தில் பெரியவர்கள் நிழலில் இளைப்பாறலாம். திங்கட்கிழமை விடுமுறை.

இனி, பருவம். தீபாவளியை ஒட்டிச் சூழும் புகைமூட்டம் தை மாதம் வரை விட்டுவிட்டு நீடிக்கின்றது. அந்நாட்களில் காற்றின் தரக் குறியீடு 300ஐக் கடந்திருந்தால், ஆஸ்துமா உள்ள முதியவரையும் கைக்குழந்தையையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டா. புளியோதரையை வீட்டிலேயே உண்ணலாம். மாசி, பங்குனியே ஏற்ற காலம். மழை நின்ற புரட்டாசியும் நன்று. மாசியில் காலைப் பனியால் புல் ஈரமாக இருக்கும். பாயின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, பதினொரு மணிக்கு மேல் செல்லுங்கள்.