கப்பலில் என்னங்க கவுரவம்?

"ஹாலந்து அமெரிக்கா கப்பலைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன்!"

அமெரிக்காவில் இப்படி அடம்பிடிப்பவர்கள் உண்டு. கட்டணம் குறைந்த கார்னிவல் என்றால் முகம் சுளிப்பார்கள்.

கார்னிவலின் கதை தெரியுமோ? ஒரு பழைய கப்பலை வாங்கி 1972-ல் தொழில் தொடங்கினார்கள். முதல் பயணத்திலேயே மயாமி அருகே மணல்திட்டில் தட்டி நின்றது! அதே கம்பெனிதான் 1989-ல் ஹாலந்து அமெரிக்காவையே விலைக்கு வாங்கிப் போட்டது. எதில் ஏறினாலும் காசு போய்ச் சேருவது ஒரே கல்லாவுக்குத்தான்.

கார்னிவலில் கூச்சல் ஜாஸ்தி, வாஸ்தவம். மது, டிப்ஸ், இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. (உசத்திக் கப்பலிலும் சாதாரண டிக்கெட்டுக்கு அப்படித்தானே!) அமைதி வேணும்னா கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. வெறும் பேருக்காக எதுக்கு?

பஹாமாசுக்கு மூணு நாள் பயணம் கார்னிவலில் உண்டு. ஒரு தடவை போய் வந்து அப்புறம் குறை சொல்லட்டுமே!