கிணற்று நீருக்கும் ஓர் உறுதி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிமொக் என்றொரு பண்ணையூர் உண்டு. எரிவாயு எடுக்கக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தால் உரிமையாளருக்கு எட்டிலொரு பங்காவது சேரவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பலர் ஒப்பமிட்டனர். 2009 புத்தாண்டு தினத்தன்று ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. நீரில் மீதேன் வாயு கலந்திருந்தது.

ஒப்பமிட்டதைக் குறை சொல்லமாட்டேன். கடன்பட்ட கமக்காரன் வேறென்ன செய்வான்? துளையிட முன்னரே கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை வாங்காததே பிழை. "இந்த வாயு முன்பே நிலத்தில் இருந்தது" என்று நிறுவனம் வாதிட்டபோது, மறுத்துக் காட்டப் பலரிடம் ஒரு கடதாசியும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோதும் காணி உறுதியை மடியில் கட்டிவந்த எம்மவருக்கு இது விளங்கும்.

குழாய்நீருக்குப் பணம் தர நிறுவனம் இணங்கியது 2022இல்தான்.