உங்கள் பெயர் செல்லாது

'சரியான பெயரை உள்ளிடவும்.'

இணையத்தில் படிவம் நிரப்பிய எல்லோரும் இந்தச் சிவப்பு எழுத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். உள்ளிட்டது உங்கள் சொந்தப் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது, ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது, தெருவில் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆனாலும் ஒரு பெட்டி அது சரியான பெயர் இல்லை என்கிறது. நாம் என்ன செய்கிறோம்? இனிஷியலுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை எடுத்துப் பார்க்கிறோம். இடைவெளியை எடுத்துப் பார்க்கிறோம். தமிழில் அடித்ததை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கிறோம். பெட்டி எதற்கு ஒத்துக்கொள்கிறதோ அதையே நம் பெயராக வைத்துக்கொண்டு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துகிறோம்.

நான் இந்தப் பெட்டிகளைச் செய்து பிழைக்கிறவன். பத்து வருஷத்துக்கு மேலாக வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால் சொல்கிறேன்: அது உங்களைப் பாதுகாக்கவில்லை. எங்கள் சர்வரையும் பாதுகாக்கவில்லை. 'செக்யூரிட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதில் பெரும்பகுதி சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பது நீங்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. வேலிடேஷன் என்றால், கேட்டதுதான் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது. சானிடைசேஷன் என்றால், வந்ததிலிருந்து ஆபத்தானதை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்வது. முதல் சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பின்கோடு என்றால் ஆறு இலக்கம். பிறந்த தேதி நாளைய தேதியாக இருக்க முடியாது. விதி இருக்கிற இடத்தில் விதியைச் சரிபார்ப்பது நியாயம். பெயருக்கு என்ன விதி? அப்பா அம்மா வைத்தது, அல்லது நாமே மாற்றிக்கொண்டது. அதைத் தாண்டி ஒரு விதியும் கிடையாது. பேட்ரிக் மெக்கென்சி என்ற புரோகிராமர் 2010இலேயே பெயர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் மூடநம்பிக்கைகளை ஒரு நீண்ட பட்டியலாகப் போட்டுவிட்டார். படித்துச் சிரித்துவிட்டு, பழையபடியே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் சண்டை இரண்டாவது சொல்லோடு. சுத்தம் என்று ஒன்றைச் சொன்னால் எதிரில் அசுத்தம் என்று ஒன்று தேவைப்படுகிறது. நம் ஊரில் அந்தச் சொல் யாரையெல்லாம் வாசலில் நிறுத்தியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மென்பொருளில் அது முதலில் ஒற்றை மேற்கோள்குறியை நிறுத்தியது. பிறகு கோணக்குறியை. பிறகு புள்ளியை, இடைவெளியை. கடைசியில் ஏ முதல் இசட் வரை போக மீதி எல்லாவற்றையும்.

*

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஏனென்றால் பயம் பொய்யில்லை.

ஒரு தளம் டேட்டாபேஸிடம் 'இந்தப் பெயருள்ள ஆளை எடு' என்று ஒரு வாக்கியம் எழுதிக் கேட்கிறது. பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போடும். ஒருவர் பெயருக்குள்ளேயே மேற்கோள்குறியைப் போட்டு, அதோடு 'எல்லோரையும் அழி' என்று சேர்த்து எழுதினால்? முதல் மேற்கோள்குறியோடு பெயர் முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் நினைக்கும். மீதியைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். 1998 டிசம்பரில் ஃப்ராக் இதழில் இதைப் பற்றி எழுதப்பட்டது. கால் நூற்றாண்டு தாண்டியும் சாகவில்லை.

2007இல் எக்ஸ்கேசிடி என்ற இணையச் சித்திரத்தொடரில் இதை வைத்து ஒரு நகைச்சுவை வந்தது. பையனின் பெயருக்குள் டேட்டாபேஸை அழிக்கும் கட்டளையையே வைத்துவிட்ட ஒரு அம்மா. மாணவர் பதிவுகளை இழந்துவிட்டு அவருக்கு போன் செய்யும் பள்ளிக்கூடம். எங்கள் தொழிலில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. கடைசியில் அந்த அம்மா, உள்ளே வருவதைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொல்வார். எல்லோரும் சிரித்தோம். தவறான பாடத்தையும் அதே சிரிப்போடு மனப்பாடம் செய்துகொண்டோம். பையனின் பெயரில் குற்றம் இல்லை. பெயரையும் கட்டளையையும் ஒரே வாக்கியமாக ஒட்டிய பள்ளிக்கூடத்து மென்பொருளில்தான் குற்றம். கட்டளையைத் தனியாக அனுப்பு, பெயரைத் தனியாக அனுப்பு. இதற்குப் பெயர் பாராமீட்டரைஸ்டு குவெரி. அப்படி அனுப்பினால் அந்தப் பையன் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போவான், பதிவேடும் பத்திரமாக இருக்கும். பெயரில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

வாசலிலேயே சுத்தம் செய்கிற முறையை உலகம் முயன்று பார்க்காமல் இல்லை. பிஎச்பி மொழியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு வசதி இருந்தது. வெளியிலிருந்து வரும் எல்லா மேற்கோள்குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு சாய்கோட்டைச் செருகிவிடும். ஐரிஷ்காரர் ஓ'பிரையன், தளத்துக்குத் தளம் ஓ\'பிரையன் ஆனார். டேட்டாபேஸ் பக்கமே போகாத எழுத்துக்கும் அதே சாய்கோடு. கடைசியில் அதை உருவாக்கியவர்களே 2012இல் வெளியான 5.4 பதிப்பில் தூக்கி எறிந்தார்கள். அதன் ஆவி மட்டும் எங்கள் மண்டைக்குள் இன்னும் உலாவுகிறது.

தடைப்பட்டியலின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸில் தன் பக்கத்துக்குள் ஒரு நிரலை ஒளித்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் தெரியாமலே அவருக்கு நண்பரானார்கள். அவர்கள் பக்கத்திலும் அது ஒட்டிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேரைத் தாண்டியது. மைஸ்பேஸ் சும்மா இருக்கவில்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையே வடிகட்டிக்கொண்டிருந்தது. சாமி அந்தச் சொல்லின் நடுவே ஒரு என்டர் தட்டினார். வடிகட்டிக்கு அது இரண்டு துண்டு. சில பிரௌசர்களுக்கு அது ஒரே சொல். வேலை முடிந்தது.

பதினாறு வருஷம் கழித்து, 2021 டிசம்பரில், லாக்ஃபோர்ஜே வந்தது. ஜாவா மென்பொருள்கள் நாட்குறிப்பு எழுதப் பயன்படுத்தும் ஒரு நூலகம் அது. குறிப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுத்து வந்தால், அதைப் படித்துவிட்டு வெளி சர்வரிலிருந்து நிரலை வாங்கி ஓட்டிவிடும். அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. உடனே எல்லா ஃபயர்வாலிலும் 'ஜேஎன்டிஐ' என்ற சொல்லைத் தடுத்தார்கள். தாக்கியவர்கள் அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, அந்த நூலகத்தின் வசதிகளை வைத்தே திரும்பக் கூட்டிக்கொண்டார்கள். சாமி செய்த அதே வேலை. குறிப்பைக் கட்டளையாகப் படிக்கும் பழக்கத்தை நூலகத்திலிருந்தே நீக்கிய பிறகுதான் ஓய்ந்தது.

ஆபத்து எழுத்தில் இல்லை. எழுத்தை ஏவலாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அந்த இடமும் ஒன்றல்ல. நீங்கள் கொடுத்த ஒரே பெயர் டேட்டாபேஸுக்குப் போகும், வெப் பக்கத்துக்குப் போகும், எஸ்எம்எஸ்ஸில் போகும், யாரோ ஒரு மேனேஜர் எக்செல்லில் இறக்கிப் பார்ப்பார். வெப் பக்கத்தில் கோணக்குறி ஆபத்து. எக்செல்லில் கோணக்குறி சாது; கட்டத்தின் தொடக்கத்தில் சமக்குறி வந்தால் வினை. வாசலில் நிற்கிறவனுக்கு, வந்தவர் எந்த அறைக்குப் போகப்போகிறார் என்றே தெரியாது. அவன் எதைப் பிடுங்குவான்? எல்லாவற்றையும் பிடுங்குவான். அதனால் வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே அனுப்பும்போது, போகிற இடத்துக்கு ஏற்றபடி கட்டி அனுப்ப வேண்டும். இதற்கு எஸ்கேப்பிங் என்று பெயர். எங்கள் படிப்பின் முதல் வருஷத்திலேயே சொல்லித்தர வேண்டியது.

*

இனி தமிழுக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

சில நல்ல மனசுக்காரர்கள், 'ஆங்கிலம் மட்டும் என்று சொல்ல மாட்டோம், எந்த மொழியின் எழுத்தும் வரலாம்' என்று விதி எழுதுவார்கள். யூனிகோடில் 'எழுத்து' என்று ஒரு வகை இருக்கிறது. அதை மட்டும் அனுமதிப்பார்கள். ஆனால் நம் புள்ளியும், கால், கொம்பு, சுழி எல்லாமும் யூனிகோட் கணக்கில் 'எழுத்து' அல்ல, 'குறி'. ஆக, எழுத்தல்லாததை நீக்கு என்ற விதி ஓடியதும் முத்துலட்சுமி என்ன ஆகிறார் தெரியுமா? மததலடசம. செல்வி? சலவ. பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல் முழுக்க எழுத்துதானா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும்.

நீளத்திலும் இதே கதை. 'தமிழ்' மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து. யூடிஎஃப்-8 பைட்டில் எண்ணினால் பதினைந்து. '20 எழுத்துக்குள் எழுதவும்' என்று பெட்டி சொல்லும்போது யாருடைய எழுத்து, எந்தக் கணக்கு? 'கொ' என்பதன் ஒற்றைக்கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நார்மலைசேஷன் என்ற ஒரு படியை விட்டுவிட்ட தளத்துக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். கொற்றவை என்று தேடினால் கொற்றவை கிடைக்க மாட்டார்.

ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் செய்த படிவத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. அதை எழுதிய தம்பியிடம் கேட்டேன்.

"செக்யூரிட்டிக்கு போட்டதுண்ணா. எல்லாரும் இததான் யூஸ் பண்றாங்க."

"முத்துலட்சுமின்னு தமிழ்ல போட்டுப் பாரு."

போட்டான். சிவப்பு.

"தமிழ்ல யாருண்ணா போடப்போறாங்க? இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் போட்டதில்லயே."

அவன் சொன்னது பொய்யில்லை. டேட்டாபேஸில் ஒரு தமிழ்ப் பெயர்கூடத் தமிழில் இல்லை. எப்படி இருக்கும்? பெட்டி விடாது. பெட்டி விடாததால் யாரும் போடுவதில்லை. யாரும் போடாததால் பெட்டி விட வேண்டிய தேவை இல்லை. கோயிலுக்குள் விடாமல் வைத்துவிட்டு 'இவங்க சாமி கும்பிட வர்றதே இல்லையே' என்று சொன்ன அதே தர்க்கம். நாளைக்கு இந்தத் தரவை வைத்து ஒருவர், தமிழ்ப் பயனர்கள் ஆங்கிலத்தையே விரும்புகிறார்கள் என்று அறிக்கை எழுதுவார். அதில் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும்.

*

'ஒரு பேர்ல புள்ளி போகலன்னா என்ன குடிமுழுகிப் போச்சு?' என்று கேட்பவர்கள் உண்டு. சொல்கிறேன்.

நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தும், நம் பெயரும்தான். ஆனால் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம், கட்டாயம். ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார். ஒருவர் வெறும் இனிஷியலைப் போடுகிறார், 'குறைந்தது மூன்று எழுத்து' என்று திட்டு வாங்குகிறார். ஒருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுகிறார். அமெரிக்க விசாவில், முதல் பெயர் என்ற கட்டம் நிரம்பாதவருக்கு 'எஃப்என்யு' என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆள் எதிரில் நிற்கிறார், பெயரைச் சொல்கிறார். கட்டம்தான் தெரியவில்லை என்கிறது.

உள்ளூரிலும் அப்படித்தான். பான் அட்டைக்கான 49ஏ படிவம் இனிஷியல் கூடாது என்றது. ஆதாரில் இனிஷியலோடு பெயர் வாங்கியவர்கள் ஏராளம். 2017இல் இரண்டையும் இணைக்கச் சொன்னபோது, ஒரே ஆளின் இரண்டு பெயர்களும் பொருந்தவில்லை. திருத்தத்துக்கு ஒரு நாள், பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு நாள், இ-சேவை மைய வரிசையில் ஒரு நாள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கூலி. அந்த அலைச்சல் எங்கள் அலுவலகப் பலகையில் 'பக்' என்று ஒரு சீட்டாகக்கூட வராது. கொடுக்கிற காசு எங்களுடையது இல்லை அல்லவா?

2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தால் ஐபோன் செயலிகள் சுருண்டு விழுந்தன. தெலுங்கர்கள் அந்த எழுத்தை விட்டுவிட வேண்டும் என்றா முடிவானது? ஆப்பிள் சில நாட்களில் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுத் தன் மென்பொருளைத் திருத்திக்கொண்டது. எழுத்தைச் சரியாகக் காட்டத் தெரியாதது மென்பொருளின் குற்றம் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அதே நியாயத்தைத்தான் நம் ஊர்ப் படிவங்களுக்கும் கேட்கிறேன்.

நியாயமாகச் சில விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். பயனரே தடித்த எழுத்து, இணைப்பு எல்லாம் வைத்து எழுதும் எடிட்டர் என்றால், வரும் எச்டிஎம்எல்லில் எது இருக்கலாம் என்று வடிகட்டித்தான் ஆக வேண்டும். அதற்குப் பலர் சோதித்த நூலகங்கள் இருக்கின்றன. உடைந்த யூனிகோடை ஏற்க வேண்டாம். பெயர் என்று சொல்லி ஒரு நாவலையே ஒட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். இவையெல்லாம் காரணம் சொல்லக்கூடிய விதிகள். 'இந்த விதி எந்தத் தாக்குதலைத் தடுக்கிறது?' என்று கேட்டால் பதில் இருக்கும். பதில் இல்லாத விதியைத் தூக்கு. மேற்கோள்குறியைக் கண்டு நடுங்கும் தளத்தை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவேன். உள்ளே வாக்கியங்களை எப்படி ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று வெளியிலேயே எழுதிப் போட்ட மாதிரி அது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் பகலில் கோட் எழுதி, இரவில் கவிதை எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். இரவில் ஒரு ஒற்றுக்காக அரை மணி நேரம் யோசிக்கிறீர்கள். பகலில் அந்த ஒற்றைப் பிழை என்று சொல்லும் விதியை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். நாளைக்கு அலுவலகத்தில் உங்கள் படிவத்தைத் திறந்து ஐந்து பெயர்களைப் போட்டுப் பாருங்கள்: தமிழில் முத்துலட்சுமி, புள்ளியோடு எஸ். ராஜா, மேற்கோள்குறியோடு ஓ'பிரையன், இரண்டாவது கட்டம் காலியாக, வெறும் செல்வி, இரண்டே எழுத்தில் ஸ்ரீ. ஐந்தும் உள்ளே போய், போனபடியே திரும்பி வர வேண்டும். எது சிவப்பானாலும் அந்த விதியை எழுதியவர் யார் என்று தேடுங்கள், எதற்கு என்று கேளுங்கள்.

படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை பெட்டி உங்கள் பெயரைப் பிழை என்று சொன்னால், பெயரைத் திருத்துவதற்கு முன் அந்தத் தளத்துக்கு ஒரு புகார் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். புகார்ப் பெட்டியும் தமிழை ஏற்கவில்லை என்றால், அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் காட்டுங்கள். டேட்டாபேஸில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை என்று சொல்கிறவர்களுக்குக் காட்டவாவது அது உதவும்.