பிடிஎஃப் எடிட் பண்ண காசு கட்டணுமா? எந்த வேலைக்கு எது போதும்?

வருசநாட்டிலிருந்து கல்லூரிக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கிறவர் நாலைந்து பிடிஎஃப்களோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சில சமயம் பட்டா. ஒரு தளம் எல்லாத்தையும் ஒரே ஃபைலாகக் கேட்கும், இன்னொன்று சைஸைக் குறைக்கச் சொல்லும். கடைசி நாள் அவசரத்தில் கூகுளில் தேடி, முதலில் வரும் இலவசத் தளத்தில் ஆதார் வரைக்கும் ஏற்றிவிடுவார்கள். சிக்கல் அங்கேதான்.

பிடிஎஃப் என்பது அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்ட வடிவம். 2008-ல் அது ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அதற்கு மென்பொருள் எழுதலாம். அடோபி அக்ரோபேட்டுக்கு மாதச் சந்தா கட்டாமலே பெரும்பாலான வேலை முடிவது இதனால்தான்.

பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப 'பிடிஎஃப்சாம் பேசிக்' போதும். கம்ப்யூட்டரில் ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை, ஃபைலும் வெளியே போகாது. அதே பெயரில் கட்டணப் பதிப்புகளும் இருக்கு. 'பேசிக்' என்று இருப்பதைப் பார்த்து எடுங்க. படிவத்தை நிரப்பவும் கையெழுத்து வரையவும் தனி மென்பொருளே வேண்டாம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் 2022 முதல் அந்த வசதி இருக்கு. போன் என்றால் அக்ரோபேட் ரீடர் செயலியின் இலவசப் பதிப்பே போதும்.

உள்ளே இருக்கும் எழுத்தையே மாற்றணும் என்றால் லிப்ரே ஆபிஸ் டிரா. முழுக்க இலவசம். ஆனால் தமிழ் ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் தலைவலிதான். பிடிஎஃப் சேமித்து வைப்பது எழுத்துகளின் உருவத்தை. 'கொ' என்பது அதற்கு மூன்று தனித்தனி உருவம். திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். பழைய அரசு ஆவணம் வானவில் எழுத்துருவில் இருந்தால் இன்னும் மோசம்: காப்பி செய்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். இதற்குக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் பெரிதாக உதவாது. அந்த ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்க. பக்கம் படமாக இருந்தாலும் தமிழைப் படித்துத் தரும். பிழை திருத்த வேண்டியிருக்கும், ஆனாலும் முதலிலிருந்து டைப் அடிப்பதைவிட மேல்.

அப்போ ஆன்லைன் தளங்கள் கூடவே கூடாதா? ஐலவ்பிடிஎஃப் போன்ற பெயர் பெற்ற தளங்கள், ஏற்றிய ஃபைலைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கின்றன. நோட்டீஸ், பாடக்குறிப்பு போன்றவற்றுக்கு ஓகே. பயம் போலிகள் மேல்தான். இலவச ஃபைல் கன்வெர்ட்டர் என்ற பெயரில் வைரஸ் ஏற்றும் தளங்கள் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. இங்கே பலரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனரில் 2019-ல் தீங்கு செய்யும் நிரல் இருந்ததாக காஸ்பர்ஸ்கை கண்டுபிடித்தது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. போனில் ஸ்கேன் செய்ய கூகுள் டிரைவிலேயே வசதி இருக்கும்போது, பெயர் தெரியாத செயலி எதற்கு?

பலரும் கவனிக்காதது இன்னொன்று. டிஜிட்டல் கையெழுத்துள்ள பிடிஎஃப்பை இன்னொன்றோடு சேர்த்தாலும், சைஸ் குறைத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாமல் போகலாம். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், சோதித்தால் மாட்டும். பதிவிறக்கிய அசல் ஃபைலைத் தொடாமல் தனியாக வையுங்க. நகலில் மட்டும் வேலை பாருங்க. பட்டாவில் இருக்கும் குறிப்பு எண்ணையும் வெட்டிவிடாதீங்க. அதை வைத்துத்தான் அரசின் இணையதளத்தில் சரிபார்ப்பார்கள்.

ஆதார் எண்ணை மறைக்க மேலே கறுப்புக் கட்டம் போடுவதும் வீண். கட்டத்துக்குக் கீழே எண் அப்படியே இருக்கும், காப்பி செய்தால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் இப்படித்தான் அம்பலமானது. ஆதாருக்கு இந்த வேலையே தேவையில்லை: யுஐடிஏஐ தளத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' இலவசமாகவே கிடைக்கிறது. முழு எண் கட்டாயமில்லாத இடத்தில் அதைக் கொடுக்கலாம்.